ஒப்பந்த வேலை, பகுதி நேர வேலை: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

வாசகர் ஒருவர் தன் நிலையைச் சொல்லிக் கேட்டிருப்பது இதுதான். அவர் ஒரு வருட ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தார், இதுவரை மூன்று முறை புதுப்பித்துவிட்டார்கள், பக்கத்து மேஜையில் அதே வேலையைச் செய்யும் நிரந்தர ஊழியருக்குப் போனஸும் வருடாந்திர இன்கிரிமென்ட்டும் உண்டு, இவருக்கு இல்லை. இவருடைய மனைவி வேறொரு நிறுவனத்தில் வாரத்தில் மூன்று நாள் வேலை பார்க்கிறார். பயிற்சி, சம்பளத்துடன் விடுப்பு எல்லாம் "பார்ட் டைமுக்குக் கிடையாது" என்று அங்கே எச்.ஆர். சொல்லிவிட்டது. இரண்டு இடத்திலும் கடைசியில் வரும் பதில் ஒன்றுதான்: "கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தீர்கள்?" இதற்கு மேல் பேச இடம் இருக்கிறதா?

இருக்கிறது. எவ்வளவு இடம் என்பது நாட்டைப் பொறுத்தது, நீங்கள் எந்த நாடு என்று சொல்லவில்லை, அதனால் ஒரே ஒரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் பதில் எழுத முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் பல நாட்டுச் சட்டங்களும் ஒரே யோசனையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, அதைப் பிடித்துக்கொண்டால் எந்த ஊர் எச்.ஆரிடமும் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இருந்தால் வேலை செய்யும் காலம் குறைகிறது, பகுதி நேரம் என்றால் வேலை செய்யும் மணிநேரம் குறைகிறது, அவ்வளவுதான். செய்த ஒரு மணிநேர வேலையின் மதிப்பு இரண்டிலும் குறைவதில்லை. அதற்கு மேல் முதலாளி ஏதாவது குறைக்கிறார் என்றால் அந்த ஒவ்வொரு குறைப்புக்கும் தனித்தனியாகக் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் வேலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும். "ஏன் எனக்குப் போனஸ் இல்லை?" என்றால் "நீங்கள் ஒப்பந்தம்" என்பது காரணமே இல்லை. வித்தியாசம் ஏன் என்று கேட்டவரிடம், வித்தியாசம் இருக்கிறது என்று திரும்பச் சொல்வது அது.

கையெழுத்து விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சட்டம் கட்டாயமாகக் கொடுத்த உரிமையை ஒரு தாளில் கையெழுத்து வாங்கி விட்டுக்கொடுக்க வைக்க முடியாது. ஐரோப்பிய நாடுகளிலும் பிரிட்டனிலும் இந்தியாவிலும் இதுதான் பொதுவான நிலை. ஒப்பந்தத்தில் "போனஸ், பணிக்கொடை எதுவும் கோர மாட்டேன்" என்று எழுதியிருந்தாலும், சட்டப்படி அது உங்களுக்கு வர வேண்டியதாக இருந்தால் அந்த வரிக்கு மதிப்பில்லை. சட்டம் கட்டாயமாக்காத, நிறுவனம் தன் இஷ்டத்துக்குத் தரும் சலுகைகளில் கையெழுத்துக்கு எடை உண்டு. அங்கேயும்கூட, நிரந்தர ஊழியருக்குத் தந்துவிட்டு உங்களுக்கு மட்டும் நிறுத்தியிருந்தால், சம நடத்தைச் சட்டம் இருக்கும் நாட்டில் கேள்வி கேட்கலாம்.

இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1994இல் பகுதி நேர வேலை பற்றித் தனியாக ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது, அது 175ஆம் எண். நேரம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அடிப்படைச் சம்பள விகிதம் குறையக் கூடாது, மகப்பேறு, வேலைநீக்கம், வருடாந்திர விடுப்பு, நோய் விடுப்பு ஆகியவற்றில் முழு நேர ஊழியருக்கு இணையான நிபந்தனைகள் வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கு முன்பே 1982இல் வந்த 158ஆம் உடன்படிக்கை, வேலைப் பாதுகாப்பைத் தட்டிக்கழிக்கவே குறித்த கால ஒப்பந்தத்தை, அதாவது முடிவுத் தேதி உள்ள ஒப்பந்தத்தை, பயன்படுத்துவதைத் தடுக்க ஏற்பாடு வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் பகுதி நேரத்துக்கும் 1999இல் குறித்த காலத்துக்கும் ஆணை பிறப்பித்தது, அதாவது உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய பொது விதி. பிரிட்டன் அதைப் பின்பற்றி 2000இலும் 2002இலும் தனித்தனி விதிகள் போட்டது, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகும் அவை அங்கே நடைமுறையில்தான் இருக்கின்றன. ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, இந்தியா எல்லாம் தங்கள் பாணியில் இதே பக்கம் வந்தன.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். முதலில் யாரோடு ஒப்பிடுவது என்று முடிவு செய்ய வேண்டும், பலர் தடுக்கி விழுவது இங்கேதான். "நிறுவனத்தில் எல்லோருக்கும் போனஸ் வருகிறது" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. அதே முதலாளியிடம், அதே அல்லது ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிற, நிரந்தர அல்லது முழு நேர ஊழியர் ஒருவரையாவது காட்ட வேண்டும். "அவர் செய்யும் வேலை வேறு" என்பதுதான் நிறுவனம் முதலில் எடுக்கும் ஆயுதம். பிரிட்டனில் பகுதி நேரத் தீயணைப்பு வீரர்கள் போட்ட வழக்கில் அப்படித்தான் வாதாடினார்கள்: முழு நேர வீரர்கள் தீத்தடுப்பு ஆய்வு, விழிப்புணர்வு வேலை என்று கூடுதலாகச் செய்கிறார்கள், அதனால் ஒப்பிட முடியாது என்று. 2006இல் அந்நாட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, வித்தியாசங்களை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கக் கூடாது, இருவரும் செய்யும் வேலையில் எவ்வளவு பொதுவானது, அந்தப் பொதுவான பகுதி அந்தத் தொழிலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நெருப்பு பற்றி எரியும்போது உள்ளே போகிறவர் முழு நேரமா பகுதி நேரமா என்று நெருப்புக்குத் தெரியாதே. அதனால் நீங்கள் பட்டியல் போடும்போது, பக்கத்து மேஜைக்காரர் செய்வதில் நீங்கள் செய்யாதது என்ன என்று நேர்மையாக எழுதுங்கள், பிறகு அதற்கு நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்றும் எழுதுங்கள். மாதத்தில் ஒரு ரிப்போர்ட் கூடுதலாகப் போடுவதை வைத்து "வேறு வேலை" என்று காட்டிவிட முடியாது.

அடுத்தது கணக்கு. பகுதி நேரம் என்றால் விகிதப்படி. முழு நேரம் வாரம் ஐந்து நாள், உங்கள் மனைவி மூன்று நாள் என்றால், பணமாக எண்ணக்கூடிய எல்லாவற்றிலும் ஐந்தில் மூன்று பங்கு: சம்பளம், போனஸ், வருடாந்திர விடுப்பு. முழு நேரக்காரருக்கு வருடத்தில் 20 நாள் விடுப்பு என்றால் இவருக்கு 12 நாள். அந்த 12 நாளும் இவர் வேலை செய்யும் நாட்களில் எடுப்பது, அதாவது இருவருக்கும் நான்கு வாரம்தான். இதில் அநியாயம் எதுவும் இல்லை. பூஜ்ஜியம் என்று சொல்வதுதான் அநியாயம்.

எல்லாவற்றையும் விகிதத்தில் வெட்ட முடியாது என்பதை நிறுவனங்கள் வசதியாக மறந்துவிடும். பாதுகாப்புக் கவசம், கழிவறை, கேன்டீன், பயிற்சி, வேலை காலியிட அறிவிப்பு, தொந்தரவு கொடுக்கும் மேலாளர் மீது புகார் செய்யும் உரிமை, சங்கத்தில் சேரும் உரிமை எல்லாம் முழுசாகத்தான் வரும். ஐந்தில் மூன்று பங்கு ஹெல்மெட் என்று ஒன்று கிடையாது. பயிற்சி குறிப்பாக முக்கியம், ஏனென்றால் இன்று பயிற்சியில் விடுபட்டவரை நாளை பதவி உயர்வில் "தகுதி இல்லை" என்று சொல்லி ஒதுக்குவார்கள், அப்போது காரணம் உண்மையாகவே இருக்கும், அதை உண்டாக்கியதும் அவர்களாகவே இருப்பார்கள். பயிற்சி நடக்கும் நாள் பகுதி நேர ஊழியர் வராத நாளாக இருந்தால், அந்த நாளில் வரச் சொல்லி அதற்குச் சம்பளம் தரலாம், அல்லது வேறு நாளில் இன்னொரு முறை நடத்தலாம். "அன்றைக்கு அவர் வர மாட்டாரே" என்று விட்டுவிடுவது சோம்பேறித்தனம், பல நாடுகளில் சட்ட மீறலும்கூட.

பொது விடுமுறையில் மட்டும் கொஞ்சம் சிக்கல். பெரும்பாலான பொது விடுமுறை திங்கட்கிழமையில் வரும் நாட்டில், புதன் முதல் வெள்ளி வரை வேலை செய்பவருக்கு அந்த விடுமுறையே கிடைக்காது. ஸ்காட்லாந்தில் இப்படி ஒருவர் வழக்குப் போட்டார், 2007இல் தோற்றார். அந்த நிறுவனம் வாரம் ஏழு நாளும் இயங்கியது, அங்கே திங்கட்கிழமை வேலை செய்யாத முழு நேர ஊழியருக்கும் அந்த விடுமுறை கிடையாது, ஆகவே இழப்புக்குக் காரணம் பகுதி நேரம் இல்லை, கிழமை என்றது நீதிமன்றம். தர்க்கம் சரிதான், ஆனாலும் பல நிறுவனங்கள் பொது விடுமுறைகளையும் வருட விடுப்போடு கூட்டி மொத்தத்தையும் விகிதப்படி பிரித்துத் தருகின்றன, அதுதான் சண்டை வராத வழி. உங்கள் மனைவி அதைக் கோரிக்கையாக வைக்கலாம், வழக்காக வைத்தால் எடுபடும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

ஓவர்டைமிலும் இப்படி ஒரு இழுபறி உண்டு. வாரம் 40 மணிநேரத்துக்கு மேல் செய்தால்தான் கூடுதல் விகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணிநேர ஒப்பந்தக்காரர் 30 மணிநேரம் செய்கிறார், அந்த 6 மணிநேரத்துக்குச் சாதாரண விகிதம்தான் தருகிறார்கள். முதல் 40 மணிநேரம் வரை இருவருக்கும் ஒரே விகிதம், ஆகவே பாகுபாடு இல்லை என்பது பழைய பார்வை, பிரிட்டன் விதிகள் இன்னமும் அப்படித்தான். ஆனால் 2023 அக்டோபரில் லுஃப்தான்ஸா சிட்டிலைன் விமானி ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றமான ஐரோப்பிய நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது: கூடுதல் ஊதியம் தொடங்கும் வரம்பைப் பகுதி நேரத்துக்கு ஏற்பக் குறைக்காவிட்டால், தன் ஒப்பந்த நேரத்தோடு ஒப்பிடும்போது பகுதி நேரக்காரர் மேல்தான் பாரம் அதிகம், தகுந்த காரணம் காட்டாதவரை அது பாரபட்சம் என்றது. எனக்கு இந்தப் பார்வைதான் நியாயமாகப் படுகிறது. பகுதி நேரம் எடுப்பவர் மிச்ச நேரத்தைச் சும்மா வைத்திருப்பதில்லை, அதில் குழந்தை இருக்கும், இன்னொரு வேலை இருக்கும், படிப்பு இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். பல நாடுகளில் பகுதி நேர வேலையில் பெண்களே பெரும்பான்மை, அதனால் பகுதி நேரப் பாகுபாடு பல சமயம் பெண்கள் மீதான பாகுபாடாகவும் இருக்கும். தனிச் சட்டம் வருவதற்கு முன்பே இந்த வழியாகத்தான் முதல் வெற்றிகள் கிடைத்தன. ஜெர்மனியில் பில்கா என்ற பெரிய கடை, 20 வருடத்தில் குறைந்தது 15 வருடம் முழு நேரம் வேலை செய்தவருக்குத்தான் நிறுவன ஓய்வூதியம் என்று வைத்திருந்தது. பகுதி நேர விற்பனைப் பெண் ஒருவர் வழக்குத் தொடுத்தார். அந்த விதி ஆண்களைவிடப் பெண்களை மிக அதிகமாகப் பாதித்தால், நிறுவனத்துக்கு உண்மையான தேவை இருப்பதாகக் காட்டாதவரை அது செல்லாது என்று 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பகுதி நேரத்துக்குத் தனிச் சட்டம் இல்லாத நாட்டில் இருப்பவர்கள் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்க மறக்க வேண்டாம்.

இப்போது போனஸ், படி, இன்கிரிமென்ட். இங்கே ஜப்பான் வழக்குகளைப் போலப் பாடம் சொல்பவை வேறு இல்லை. 2018 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஹமாகியோரெக்ஸ் என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் ஒப்பந்த ஓட்டுநர் வழக்கைத் தீர்த்தது. ஒவ்வொரு படியையும் தனியாக எடுத்து, இது எதற்காகத் தரப்படுகிறது என்று பார்த்தார்கள். விபத்தில்லாமல் ஓட்டியதற்கான படி, நாள் தவறாமல் வந்ததற்கான படி, சாப்பாட்டுப் படி, பயணப் படி, இறக்கி ஏற்றும் வேலைக்கான படி: இவை எதிலும் ஒப்பந்த ஓட்டுநருக்கும் நிரந்தர ஓட்டுநருக்கும் வித்தியாசம் காட்ட முகாந்திரமில்லை, ஏனென்றால் பத்திரமாக ஓட்டுவதும் மதியம் பசிப்பதும் இருவருக்கும் பொது. வீட்டுப் படி மட்டும் நிறுவனத்தின் பக்கம் போனது, நிரந்தர ஓட்டுநரை ஊர் விட்டு ஊர் மாற்றலாம், ஒப்பந்தக்காரரை மாற்ற மாட்டார்கள் என்பதால். எவ்வளவு தெளிவான வழி பாருங்கள். நீங்களும் உங்கள் சம்பளச் சீட்டையும் பக்கத்து மேஜைக்காரரின் சீட்டையும் வரி வரியாக வைத்து, ஒவ்வொரு வரியும் எதற்காக என்று கேட்டுப் பாருங்கள்.

இதே நீதிமன்றம் 2020 அக்டோபர் 13 அன்று, ஒரு மருத்துவக் கல்லூரியின் தற்காலிகச் செயலருக்குப் போனஸ் தராததும், சுரங்க ரயில் கடைகளில் ஏறக்குறைய பத்து வருடம் விற்பனை செய்த ஒப்பந்தப் பெண்களுக்கு ஓய்வுப் பணம் தராததும் நியாயமற்றவை அல்ல என்றும் சொன்னது. இரண்டே நாள் கழித்து, 15ஆம் தேதி, அஞ்சல் நிறுவன ஒப்பந்த ஊழியர்களுக்கு ஆண்டிறுதிப் படி, குடும்பப் படி, கோடை விடுப்பு ஆகியவை மறுக்கப்பட்டது நியாயமற்றது என்றது. ஆக, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காகத் தரும் படியில் ஒப்பந்த ஊழியர் ஜெயிக்கிறார், "நீண்ட காலம் இருந்து நிறுவனத்தை வளர்ப்பார்" என்ற எதிர்பார்ப்போடு கலந்து தரும் பெரிய தொகைகளில் தோற்கிறார். எனக்கு அந்த 13ஆம் தேதித் தீர்ப்புகளில் உடன்பாடு இல்லை. பத்து வருடம் இருந்தவரிடம் நீண்ட காலம் இருப்பீர்களா என்று கேட்பது என்ன நியாயம்? ஆனால் நாம் எந்த வாதத்தை எதிர்பார்க்க வேண்டும் என்பதை அவை காட்டுகின்றன.

உங்கள் போனஸ் எதற்காக என்று அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். போன வருட லாபத்தில் பங்கு என்றால் அந்த வருடம் நீங்களும் வேலை செய்திருக்கிறீர்கள். தனிப்பட்ட இலக்கை எட்டியதற்கு என்றால் உங்கள் இலக்கு என்ன ஆனது? இன்கிரிமென்ட்டில் உங்கள் நிலை இன்னும் பலமானது: ஐரோப்பிய ஆணை, இத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது போன்ற பணிக்கால நிபந்தனைகள், தகுந்த காரணம் இல்லாதவரை, இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. ஸ்பெயினில் பொது மருத்துவத் துறையில் தற்காலிகமாக வேலை செய்த காலத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் சீனியாரிட்டிப் படிக்குக் கணக்கில் எடுக்க மறுத்தார்கள், 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லாத் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் பொது விதி எங்களிடம் இருக்கிறது என்பது மட்டுமே காரணமாகாது என்றது.

இதில் ஒரு நெளிவு. பிரிட்டனில் குறித்த கால ஊழியருக்கு மட்டும், மொத்தத் தொகுப்பு நிரந்தர ஊழியருடையதைவிட மோசமாக இல்லை என்றால், ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டித் தரலாம். ஆஸ்திரேலியாவில், தொடர்ந்து வேலை தருவதாக உறுதி சொல்லாமல் எடுக்கும் கேஷுவல் ஊழியருக்குச் சம்பள விடுப்பு இல்லை, அதற்குப் பதிலாகப் பொதுவாக 25 சதவீதம் கூடுதல் மணிக்கூலி. ஆகவே உங்கள் அடிப்படைச் சம்பளம் பக்கத்து மேஜையைவிட அதிகமாக இருந்தால் முதலில் மொத்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். குறைவாகவோ சமமாகவோ இருந்தால் இந்த வாதம் அவர்களுக்கு உதவாது.

அப்புறம், திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது. உங்கள் கேள்வியில் பெரிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன், போனஸைவிடப் பெரியது. தற்காலிக ஒப்பந்தத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு: மகப்பேறு விடுப்பில் போனவருக்குப் பதில், நிதி முடிந்தால் முடிகிற திட்டம், சீசன் வேலை. அந்த வேலை வருடா வருடம் நிற்காமல் ஓடுகிறது, ஆள் மட்டும் தற்காலிகம் என்றால் சந்தேகப்பட வேண்டும். நாடுகள் இதற்கு வெவ்வேறு எல்லை போட்டிருக்கின்றன. ஜெர்மனியில் காரணம் சொல்லாமல் அதிகபட்சம் இரண்டு வருடம், அதற்குள் மூன்று புதுப்பிப்பு. முடிவுத் தேதியை எழுத்தில் ஒப்பந்தம் செய்யாவிட்டால் அது நிரந்தர வேலையாகவே கருதப்படும். தென் கொரியாவில் இரண்டு வருடம் தாண்டினால், விலக்குகள் போக, நிரந்தரம். ஆஸ்திரேலியாவில் 2023 டிசம்பர் முதல் புதுப்பிப்பையும் சேர்த்து இரண்டு வருடம், இங்கும் விலக்குகள் உண்டு. பிரிட்டனில் தொடர்ச்சியாக நான்கு வருடம் ஆகி ஒருமுறையாவது புதுப்பித்திருந்தால், நிறுவனம் தகுந்த காரணம் காட்டாதவரை நீங்கள் நிரந்தர ஊழியர். ஜப்பானில் ஐந்து வருடம், ஆனால் தானாக மாறாது, ஊழியர் கேட்க வேண்டும். கேட்டால் நிறுவனம் மறுக்க முடியாது. கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் இருந்துவிட்டால் உரிமை சும்மா கிடக்கும்.

எல்லை போட்டால் எல்லைக்கு முன்னால் வெட்டுவார்கள் என்பது எல்லா நாட்டிலும் பார்த்ததுதான். கொரியாவில் இரண்டு வருடம் முடியும் முன், ஜப்பானில் ஐந்து வருடம் முடியும் முன் புதுப்பிக்காமல் அனுப்புவது பெரிய பிரச்சினையானது. இன்னொரு தந்திரம் இடைவெளி விடுவது: சில வாரம் வீட்டில் உட்கார வைத்துவிட்டுப் "புதிய" ஒப்பந்தம். கிரீஸில் சட்டமே 20 வேலைநாள் இடைவெளி இருந்தால் தொடர்ச்சி இல்லை என்று வைத்திருந்தது. அப்படி ஒரு விதி இருந்தால் முதலாளிகள் 20 நாள் விட்டு விட்டே வருடக்கணக்கில் வேலை வாங்குவார்கள், ஆணையின் நோக்கமே அடிபடும் என்று 2006இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தள்ளியது. மறுபக்கம், கொலோன் நகர நீதிமன்ற அலுவலகத்தில் 11 வருடத்தில் 13 ஒப்பந்தங்களில் வேலை செய்த எழுத்தர் ஒருவரின் வழக்கில், 2012இல் அதே நீதிமன்றம், விடுப்பில் போனவர்களுக்குப் பதிலாகத் தொடர்ந்து ஆள் எடுப்பது மட்டுமே தவறாகிவிடாது, ஆனால் எத்தனை ஒப்பந்தம், மொத்தம் எவ்வளவு காலம் என்பதைப் பார்த்துத் துஷ்பிரயோகமா என்று முடிவு செய்ய வேண்டும் என்றது. உங்களுக்கு இடையில் ஏதாவது இடைவெளி விட்டார்களா என்று தேதிகளைப் பாருங்கள், அந்த இடைவெளியில் மின்னஞ்சல் பார்த்தீர்களா, வேலை செய்தீர்களா என்பதையும் எழுதி வையுங்கள்.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் வேறு, நம்மில் பலருக்கும் அது தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். குறித்த கால வேலைவாய்ப்பு 2018இல் எல்லாத் துறைக்கும் திறந்துவிடப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் தொழிலுறவுத் தொகுப்பு அதை முறைப்படுத்துகிறது: எழுத்தில் ஒப்பந்தம், அதே அல்லது அது போன்ற வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்குக் குறையாத வேலைநேரம், சம்பளம், படிகள், பலன்கள், சட்டப் பலன்கள் பணிக்காலத்துக்கு ஏற்ற விகிதத்தில். பழைய 1972 பணிக்கொடைச் சட்டத்தில் பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும், இப்போது குறித்த காலத் தொழிலாளிக்கு ஒரு வருடம் போதும். இது நல்ல விஷயம். ஆனால் எத்தனை முறை புதுப்பிக்கலாம், எத்தனை வருடம் போகலாம் என்று அந்தத் தொகுப்பில் எல்லை இல்லை, காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பு என்ற கணக்கிலும் வராது. அது பெரிய ஓட்டை. நிரந்தரத் தொழிலாளியின் உரிமையைத் தராமலிருக்கும் நோக்கத்தோடு ஆட்களை வருடக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஓட்டையை அடைக்க இப்போதைக்குக் கையில் இருப்பது அதுதான். பகுதி நேரத்துக்கென்று தனிச் சட்டம் அங்கே இல்லை. அதற்காக நம்பிக்கையே இல்லை என்று அர்த்தமில்லை: மத்திய நீர் ஆணையத்தில் "பகுதி நேரம்" என்ற பெயரில் பல வருடம் துப்புரவு வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் தில்லி ஒப்பந்த மருத்துவர் ஒருவரின் வழக்கில், மகப்பேறு விடுப்பின் நடுவில் ஒப்பந்தம் முடிந்தாலும் முழு மகப்பேறுப் பலனையும் தர வேண்டும் என்றது.

அமெரிக்கா என்றால் கதை வேறு. அங்கே பகுதி நேரத்துக்குச் சமம் கொடு என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை, எல்லாம் மணிநேர வரம்புதான். குடும்ப, மருத்துவ விடுப்புக்கு 12 மாதத்தில் 1,250 மணிநேரம், பெரிய நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டுக் கடமைக்கு வாரம் 30 மணிநேரம் என்று. அதனால் வாரம் 29 மணிநேர ஷிப்ட் போடும் மேலாளர்கள் உருவானார்கள். வரம்பு எங்கே என்று தெரிந்துகொண்டு, உண்மையில் செய்த மணிநேரத்தை நீங்களே குறித்து வைப்பதுதான் அங்கே முதல் பாதுகாப்பு. மலேசியாவில் முழு நேரத்தில் 30க்கு மேல் 70 சதவீதம் வரை வேலை செய்பவர்தான் பகுதி நேரம், சிங்கப்பூரில் வாரம் 35 மணிக்குக் கீழ். தாளில் 24, நடைமுறையில் 38 என்றால் சிங்கப்பூரில் நீங்கள் பகுதி நேரமே இல்லை என்று வாதாடலாம்.

செய்ய வேண்டியது என்ன? முதலில் காகிதம். எல்லா ஒப்பந்தமும், எல்லாப் புதுப்பிப்புக் கடிதமும், சம்பளச் சீட்டும், யாருக்கு எப்போது வேலை என்று போடும் ரோஸ்டரும் அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால் கடைசி நாளன்று லாகின் போகும்போது அவையும் போய்விடும். உங்களுக்குச் சொந்தமான ஆவணங்களின் நகலை வீட்டில் வையுங்கள். வாடிக்கையாளர் விவரம், நிறுவன ரகசியம் எதையும் எடுக்காதீர்கள், அதையே காரணமாக வைத்து அனுப்புவார்கள்.

பிறகு எழுத்தில் கேளுங்கள், புகாராக இல்லாமல் கேள்வியாக. "நானும் இன்ன பதவியில் இருக்கும் நிரந்தர ஊழியரும் செய்யும் வேலை இவை. அவருக்குக் கிடைக்கும் போனஸும் இன்கிரிமென்ட்டும் எனக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம் என்று எழுத்தில் தெரிவிக்கவும். என் ஒப்பந்தத்தை நிரந்தரமாக்காமல் குறித்த காலத்துக்கே புதுப்பிப்பதற்கான காரணத்தையும் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். பிரிட்டனில் இப்படிக் கேட்டால் 21 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். தராமல் விட்டாலோ மழுப்பினாலோ தீர்ப்பாயம் அதை அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானிலும் கேட்டால் விளக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் இந்தக் கடிதம் வேலை செய்யும், ஏனென்றால் அதற்கு வரும் பதில் பின்னால் மாற்ற முடியாத சாட்சி. பெரும்பாலும் முதல் பதிலில் "கம்பெனி பாலிசி" என்றுதான் வரும். அதை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

கேட்டதற்காகவே புதுப்பிக்காமல் விட்டுவிட்டால்? அந்தப் பயம் நியாயமானது, அதை லேசாகச் சொல்லித் தள்ள எனக்கு மனமில்லை. உரிமை கேட்டதற்காகப் பழிவாங்குவது பல நாடுகளில் தனிக் குற்றச்சாட்டாகவே எடுபடும், பிரிட்டனில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததும் சட்டப்படி வேலைநீக்கம்தான், ஆனாலும் நிரூபிப்பது உங்கள் தலையில்தான் பெரும்பாலும் விழும். அதனால் தனியாகக் கேட்காமல், இதே நிலையில் இருக்கும் இன்னும் சிலரோடு சேர்ந்து, முடிந்தால் சங்கம் வழியாகக் கேட்பது நல்லது. நேரமும் முக்கியம். ஒப்பந்தம் முடிய பதினைந்து நாள் இருக்கும்போது கேட்டால் "ஏற்கனவே முடிவு செய்துவிட்டோம்" என்று எளிதாகச் சொல்வார்கள். புதிதாகப் புதுப்பித்த கையோடு கேட்டால், பல மாதம் கழித்துத் திடீரென்று உங்கள் வேலை மட்டும் வேண்டாமல் போனதற்கு அவர்கள் விளக்கம் தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கம் கெடு. சமரசம் பேசிப் பேசியே கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். ஜெர்மனியில் ஒப்பந்தத்தின் முடிவுத் தேதி செல்லாது என்று வழக்குப் போட, அந்தத் தேதியிலிருந்து மூன்றே வாரம். பிரிட்டனில் தீர்ப்பாயத்துக்குப் போக நெடுங்காலமாக மூன்று மாதம் என்ற கெடுதான், சம்பவம் நடந்த நாளிலிருந்து, எச்.ஆர். பதில் தந்த நாளிலிருந்து அல்ல. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு நடக்கிறது என்பதால் மட்டும் வெளியே ஓடும் கெடு பல இடங்களில் நிற்காது.

உங்கள் மனைவிக்கு வழி இன்னும் எளிது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் கேட்பது விகிதப்படி விடுப்பும் பயிற்சியும். இரண்டையும் மறுக்கக் காரணம் கண்டுபிடிப்பது கடினம், இரண்டுக்கும் பெரிய செலவும் இல்லை. அவர் முதலில் எழுதட்டும். உங்களுக்கு, எந்த நாடு, நான்கு ஒப்பந்தங்களின் ஆரம்ப, முடிவுத் தேதிகள் என்ன, நடுவில் இடைவெளி உண்டா என்ற விவரங்களைச் சொன்னால், நிரந்தரம் கேட்கும் நிலைக்கு ஏற்கனவே வந்துவிட்டீர்களா, இன்னும் எத்தனை மாதம் பொறுத்தால் வருவீர்கள், அதுவரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லதா என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.